ஊசிக்கு முன்னால் ஒரு பொட்டு

எனக்குத் தொழுநோய் வந்துவிட்டது என்று ஒரு மாலைப்பொழுது முழுக்க நம்பியவன் நான். சும்மா வழியில் போகிற ஆள் அப்படி நம்பினால் மன்னிக்கலாம். நான் அப்போது குழந்தைகள் வார்டில் ஆண் நர்ஸ். பதினைந்து வருஷத்துக்கு மேல் சர்வீஸ் போட்டவன்.

இதை இப்போது எழுதக் காரணம் வார்டில் இருக்கும் இளசுகள். நான் ஓய்வு பெற்ற அன்று கேக் வெட்டிவிட்டு ஒரு பெண் கேட்டாள்: “அங்கிள், ஊசிக்கு முன்னாடி ஒட்டுறோமே மரப்பு மருந்து, அது முதன்முதலா வந்தப்ப நீங்கதான் இருந்தீங்களாமே? முதல் ஆள் யாரு?” நான்தான் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் கேக்கை வாயில் அடைத்துக்கொண்டேன். மிச்சத்தைச் சொல்லாமல் தப்பிக்க அதுதான் வழி. சொல்லாமல் விட்ட மிச்சம்தான் இது.

எழுபதுகளின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பாவுக்கு நான் துறைமுகத்துக்குப் போகவேண்டும் என்று ஆசை. ஆம்பளை நர்ஸ் வேலைக்குப் போவதா என்று சிராங்கூன் ரோட்டில் தெரிந்தவர்களிடமெல்லாம் புலம்பினார். பயிற்சி மூன்று வருஷம். அதில் நினைவில் நிற்பது இரண்டே விஷயம்: படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கும் விதம், தொழுநோய் இல்லத்தில் கழித்த மூன்று வாரம். அங்கே ஒரு கிழட்டு டாக்டர் எங்களை வரிசையாக நிறுத்தி ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். தோலில் வெளிறிய வட்டம் இருந்து, அதில் குத்தினால் உணர்வில்லை என்றால், சந்தேகப்படு. பரீட்சையில் அந்தக் கேள்விக்கு எனக்கு முழு மார்க். அந்த மார்க்தான் பின்னால் என் கழுத்தை அறுத்தது.

பிறகு குழந்தைகள் வார்டு. என் வேலை, சுருக்கமாகச் சொன்னால், பிள்ளைகளைக் குத்துவது. ரத்தம் எடுப்பது, டிரிப் ஏற்றுவது. ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவான், கை சுத்தம் என்று பேர் வாங்கியிருந்தேன். பிள்ளைகள் வைத்த பேர் வேறு: ஊசி அங்கிள். நான் நடைபாதையில் வந்தால் நடக்கத் தெரிந்த பிள்ளைகள் ஓடும், தெரியாத பிள்ளைகள் அலறும். ஜோக் அடித்துப் பார்த்தேன், மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு யானை மாதிரி நடந்தேன். யானை கையில் ஊசி இருப்பதைப் பார்த்து இன்னும் பலமாக அலறினார்கள்.

எங்கள் வார்டின் தலைமை நர்ஸ், சிஸ்டரைப் பற்றிச் சொல்லவேண்டும். பேர் பிலோமினா. கத்தோலிக்கத் தமிழர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு நேரே வார்டுக்கு வந்து, லீவு நாளிலும் மருந்து அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எல்லாரிடமும் ஆங்கிலம்தான். என்னிடமும் ஆங்கிலம்தான், நான் ஒழுங்காக இருக்கும்வரை. தப்புச் செய்தால் தமிழுக்கு மாறுவார். அதனால் சிஸ்டர் வாயிலிருந்து என் தாய்மொழி வந்தால் கையில் இருப்பதை முதலில் கீழே வைத்துவிடுவேன்.

அவர் எனக்குக் கற்றுத் தந்தது ஒரே ஒரு விதி. ஊசி போடும்போது பிள்ளையிடம் “வலிக்காது” என்று சொல்லக்கூடாது. “ஒரு பொய் சொன்னா ஒரு ஊசி போடலாம், கோவிந்து. ரெண்டாவது ஊசிக்கு என்ன சொல்வீங்க?”

எண்பதுகளின் கடைசியில், எம்.ஆர்.டி. ரயில் ஓட ஆரம்பித்த புதிதில், டை கட்டிய மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார். சோதனைக்கு, இலவசம். உள்ளே சின்னச் சின்ன பிளாஸ்டிக் மூடிகள். ஐம்பது காசு அகலம், ஆழம் ரொம்பக் குறைவு, சுற்றிலும் ஒட்டும் விளிம்பு. மூடிக்குள் வெள்ளைக் களிம்பைப் பிதுக்கி, நரம்பு தெரியும் இடத்தில் கவிழ்த்து ஒட்டவேண்டும். ஒரு மணி நேரம் அசையக்கூடாது. மருந்து தோலுக்குள் இறங்கி அந்த இடம் மரத்துப் போகும். பிரித்துத் துடைத்தால் தோல் வெள்ளையாக வெளிறியிருக்கும். அங்கே குத்தினால் தெரியாது. ஒரு தடவை ஒட்டினால் அவ்வளவுதான், தூக்கிப் போடவேண்டியது. அதற்கு நீளமாக ஓர் ஆங்கிலப் பேர் இருந்தது. ஒரு தமிழ் அம்மா பார்த்ததும் “பொட்டு மாதிரி இருக்கே” என்றார். அன்றிலிருந்து பொட்டுதான். சீன நர்ஸுகள்கூட “பொட்டு, பொட்டு” என்றே கேட்டு வாங்கினார்கள்.

பிள்ளைகளுக்கு வைக்கும் முன் நமக்கு வைத்துப் பார்க்கவேண்டும் என்றார் சிஸ்டர். நான் முந்திக்கொண்டு இடது முழங்கையின் உள்பக்கம் ஒன்றை ஒட்டினேன். மணி மூன்று. மூன்றரைக்கு வலிப்போடு ஒரு குழந்தை வந்தது. ஓடினேன், தூக்கினேன், கை கழுவினேன், மறுபடி ஓடினேன். பொட்டு எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. ஐந்து மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு சிராங்கூன் ரோட்டுக்குப் போனேன். வாழையிலைச் சாப்பாடு. கை கழுவச் சட்டைக் கையை மடித்தால், டியூப் லைட் வெளிச்சத்தில், முழங்கைக்குள் வெள்ளை வெளேரென்று ஒரு வட்டம்.

பல்குச்சியால் குத்தினேன். ஒன்றும் தெரியவில்லை. அழுத்திக் குத்தினேன். பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்தவர் என்னையும் பல்குச்சியையும் பார்த்துவிட்டு வேறு குழாய்க்குப் போனார். அந்தக் கிழட்டு டாக்டரின் குரல் காதில் கேட்டது. முழு மார்க் வாங்கின பதில் வரி வரியாக ஞாபகம் வந்தது. காலையில் தூக்கிய குழந்தைகள், வீட்டில் இருக்கும் மனைவி, என் இரண்டு மகள்கள், எல்லாரும் வரிசையாகக் கண்ணில் வந்தார்கள். யாரையும் தொடக்கூடாது என்று பஸ் ஏறாமல், கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, பென்குவின் மாதிரி மருத்துவமனைக்குத் திரும்ப நடந்தேன். முக்கால் மணி நேரம். வழியில் எதிர்ப்பட்ட கோவிலுக்கும், அதற்கப்புறம் வந்த சர்ச்சுக்கும், பாகுபாடு பார்க்காமல் கும்பிடு போட்டேன்.

சிஸ்டர் அறையில் இருந்தார். வாசலிலேயே நின்று, கிட்டே வராதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து வந்து, என் கையைப் பிடித்துத் திருப்பி, வட்டத்தின் ஓரத்தில் மிச்சமிருந்த பசையில் ஒட்டியிருந்த சட்டைப் பஞ்சை நகத்தால் சுரண்டினார்.

“மூணு மணிக்கு என்ன ஒட்டினீங்க?”

தமிழ். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“மறந்துட்டேன் சிஸ்டர்.”

“மரத்துப் போனது கை. மறந்து போனது மூளை. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.”

இந்தக் கதையை நான் ஒரு மாதம் வார்டு வார்டாகப் போய் நடித்துக் காட்டினேன். பென்குவின் நடை, பல்குச்சி, கும்பிடு எல்லாம். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

பொட்டு வந்துவிட்டது, இனிப் பிள்ளைகள் என்னைப் பார்த்து அழமாட்டார்கள் என்று நினைத்தேன். ஊசி குத்தும்போது நிஜமாகவே அவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் இரண்டே வாரத்தில் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள்: பொட்டு வந்தால் ஊசி வரும். முன்பு ஊசியைப் பார்த்து ஒரு நிமிஷம் அழுதார்கள். இப்போது பொட்டைப் பார்த்து ஒரு மணி நேரம் அழுதார்கள். வலியை எடுத்துவிட்டுப் பயத்தை அறுபது மடங்கு ஆக்கியிருந்தோம். ஊசி முனையை உணராத கையோடு ஒரு பிள்ளை உடம்பெல்லாம் நடுங்கி அழுவதைப் பார்த்தால், நம்முடைய வேலை மேலேயே நம்பிக்கை போய்விடும். எனக்குப் போனது.

அழாத பிள்ளை ஒன்றே ஒன்று. விமலா. ஏழு வயது. ரத்தப் புற்றுநோய். அப்பா கப்பல் பட்டறையில் வேலை, ஞாயிறுதான் வர முடியும். அம்மா சரோஜா ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் காலை ஷிப்ட். கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, சீருடையோடு இரண்டு மணிக்கு வார்டுக்குள் நுழைவார். மகளுக்குத் தலை சீவுவது போலப் பாவனை செய்வார். தலையில் முடி கிடையாது. சீப்பைக் காற்றில் ஓட்டுவார், விமலா “ஆ, சிக்கு, சிக்கு” என்று கத்துவாள். மூன்று மணிக்கெல்லாம் நாற்காலியிலேயே அம்மாவுக்குத் தூக்கம் வந்துவிடும்.

விமலாவுக்கு முதல் பொட்டு வைத்த அன்று, அவளை அழாமல் இருக்கவைக்க, என் தொழுநோய்க் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அங்கிள், நீங்க பொட்டு வச்சதையே மறந்துட்டீங்களா?”

“சுத்தமா.”

“அப்ப பொட்டு வச்சா மறந்துடுமா?”

“மறந்து இல்ல லா, மரத்து. கை மரத்துப் போயிடும்.”

“அதான், கை மறந்து போயிடும்.”

பள்ளியில் ஆங்கிலத்திலேயே எல்லாம் படிக்கிற பிள்ளை. அவளுக்கு மரத்ததும் மறந்ததும் ஒன்றாகக் கேட்டது. இன்னொரு தடவை திருத்தியிருக்க வேண்டும். ஆனால் அவள் அழவில்லை. கையை நீட்டிக்கொண்டு ஆவலாக உட்கார்ந்திருந்தாள். கோமாளிக்கு அது போதும்.

“ஆமா, கை மறந்துடும். ஊசி வந்துச்சான்னு கேட்டா, ஊசியா, யாரு அதுன்னு கேக்கும்.”

ஒரு மணி நேரம் கழித்து ஊசி போட்டேன். அவள் தன் முழங்கையிடம் குனிந்து, “ஊசி தெரியுமா?” என்று ரகசியமாகக் கேட்டாள். பிறகு கீச்சுக் குரலில் தானே பதில் சொன்னாள்: “யாரு அது?”

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை, சில சமயம் மூன்று. முறை மாறாது. அவள் கையை என் கைக்குள் வைத்துச் சூடேற்றுவேன். நரம்பைக் கண்ணால் தேடக்கூடாது, விரலால் தேடவேண்டும். ஒன்று ஏமாற்றினால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு இடத்தில் பொட்டு. ஒவ்வொன்றின் முதுகிலும் பேனாவால் ஒட்டிய நேரத்தை எழுதவேண்டும், அது சிஸ்டரின் கட்டளை. விமலா நேரத்தைப் படித்துச் சரிபார்ப்பாள். பிரித்த பிறகு பழைய பொட்டு ஒன்றைப் பொம்மைக்கு வேண்டும் என்று கேட்டாள். கழுவிக் கொடுத்தேன். விதிப்படி தூக்கிப் போட்டிருக்க வேண்டியது.

ஒரு புதன்கிழமை சரோஜாவை டாக்டர் நடைபாதைக்கு அழைத்துப் போனார். மருந்துக்குக் கேட்கவில்லை, நோய் திரும்பிவிட்டது. சிஸ்டர் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார். முதல் தடவையாகச் சிஸ்டரின் தமிழ் என்னை நோக்கி வரவில்லை. ஆனாலும் கையில் இருந்ததைக் கீழே வைத்தேன். சரோஜா சுவரில் சாய்ந்து, “நான் இதை எப்படி சிஸ்டர் மறப்பேன்? எப்படி மறப்பேன்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கதவு திறந்திருந்தது. விமலா தூங்குகிறாள் என்று நினைத்தோம்.

மறுநாள் மூன்றரை மணிக்கு மருந்துத் தட்டோடு உள்ளே போனேன். சரோஜா நாற்காலியில் வழக்கம்போலத் தூங்கிக்கொண்டிருந்தார். குங்குமம் வைக்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, நெற்றியில், பொம்மைக்கு நான் கொடுத்த அந்தப் பிளாஸ்டிக் பொட்டு. பசை போய்விட்டதால் இரண்டு பக்கமும் பிளாஸ்டர் துண்டு. மேலே பேனாவால், சாய்ந்த எழுத்தில், 3.10.

விமலா உதட்டில் விரலை வைத்தாள்.

“எழுப்பாதீங்க அங்கிள். இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு.”

“என்ன செய்றே?”

“அம்மாவுக்கு மறக்கணுமாம். நேத்து சொன்னாங்க.”

“என்னத்தை மறக்கணும்?”

“என்னை.”

சொல்லிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், நான் பார்ப்பது போலவே.

எதற்கும் ஒரு ஜோக் வைத்திருக்கிற ஆள் நான். அன்று தட்டை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். அன்றைக்குப் பென்குவின் மாதிரி நடந்து போன அதே அறைக்கு, அதே போலக் கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு போனேன். சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிக்கவைக்கத்தான் சொன்னேன் சிஸ்டர், அழாமல் இருக்கத்தான் சொன்னேன் சிஸ்டர் என்று உளறினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“எத்தனை ஊசிக்கு இந்தப் பொய் வந்துச்சு?”

“எண்ணல சிஸ்டர்.”

“இன்னையோட முடிஞ்சுது. நீங்கதான் சொல்லணும். நான் கூட வர்றேன். ஆனா பேசமாட்டேன்.”

நாங்கள் போய் நின்றபோது நாலு மணி ஆகப் பத்து நிமிஷம். இப்போதே எடுத்துவிடலாமா என்று சிஸ்டரைப் பார்த்தேன். விமலா இரண்டு கையையும் கூப்பினாள். சிஸ்டர் தன் கடிகாரத்தைப் பார்த்தபடி கட்டிலின் கால்மாட்டில் அசையாமல் நின்றார். அந்த இருபது நிமிஷம் நாங்கள் மூன்று பேரும் ஒரு பெண் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சரியாக நாலு பத்துக்கு நான் குனிந்து பிளாஸ்டரைப் பிரித்து, பொட்டை எடுத்தேன். நெற்றியில் வட்டமாக ஒரு தடம்.

சரோஜா கண்ணைத் திறந்தார். எங்களைப் பார்க்கவே இல்லை.

“விமலா, தண்ணி வேணுமாம்மா?”

விமலா என்னைப் பார்த்தாள். அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டு, நெற்றியைத் தடவி, “என்னது பிசுபிசுங்குது?” என்று முகம் கழுவப் போனார்.

“அங்கிள், வேலை செய்யல.”

அப்போதும் நான் கோழைதான். உண்மையைச் சொல்ல வந்தவன் முதலில் சொன்னது இது: “அது ஒரு தடவைதான் வேலை செய்யும் லா. பழசு.”

“அப்ப புதுசு ஒண்ணு தாங்க.”

சிஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கட்டிலில் உட்கார்ந்தேன். மரத்துப் போவது வேறு, மறந்து போவது வேறு என்று சொன்னேன். அது தோலை மட்டும்தான் மரக்க வைக்கும், யாரையும் மறக்க வைக்காது, நான் விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொன்னேன். ஆங்கிலத்திலும் ஒரு தடவை சொன்னேன். இந்தத் தடவை தெளிவாகப் புரிந்துவிட்டது.

“அம்மா மறக்கமாட்டாங்களா?”

“மாட்டாங்க.”

அவள் தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பச்சையும் மஞ்சளுமாகப் பழைய ஊசித் தடங்கள்.

“அப்ப இதுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கா?”

“அதுக்கு வலி தெரியாது விமலா. மரத்து இருந்துச்சு.”

“எனக்குத் தெரியும்ல?”

கேக் வெட்டிய அன்று கேட்ட பெண்ணுக்கு இதைத்தான் சொல்லியிருக்கவேண்டும்: களிம்பு நல்ல களிம்பு, மூடி நல்ல மூடி, தோல் சொன்னபடி மரக்கும். மற்றதெல்லாம் நம் வாயிலிருந்து வருவது.

வெள்ளிக்கிழமை நான் பொட்டோடு போனபோது விமலா மற்றப் பிள்ளைகளைப் போலவே அழுதாள். ஒரு மணி நேரமும் அழுதாள். நேரம் எழுதியிருக்கிறதா என்று பார்க்கவில்லை. அதற்கடுத்த பொட்டுகளுக்கும் அப்படித்தான். வேறு யாரையாவது அனுப்பச் சொல்லிச் சிஸ்டரிடம் கேட்டேன். “அவளுக்கு உங்க கைதான் பழக்கம்” என்றார், ஆங்கிலத்தில்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் உடனே டிரிப் ஏற்றவேண்டியிருந்தது. பொட்டு வைத்துக் காத்திருக்க ஒரு மணி நேரம் இல்லை. இப்போது குத்தப் போகிறேன், வலிக்கும் என்று சொல்லிவிட்டுக் குத்தினேன். நரம்பு மூன்றாவது தடவைதான் கிடைத்தது. அவளுக்கு வலித்தது. மறுநாள் காலை பத்தேகால் மணிக்கு, ஷிப்டுக்குப் போகாமல் அம்மா பக்கத்தில் இருக்கும்போது, விமலா இறந்துபோனாள்.